படுத்துக் காட்டிய அளவு

இந்த ஊரில் வீட்டுக்கு நாலு மூலை இருக்கிறது, திசை இல்லை. பாரிசுக்கு வெளியே ரயிலில் அரைமணி நேரம் வந்தால் எங்கள் அடுக்குமாடி. ஐப்பசி பிறந்துவிட்டால் சூரியன் எங்கே கிளம்பி எங்கே இறங்குகிறது என்று யாருக்கும் தெரியாது, கேட்பாரும் இல்லை. வந்த புதிதில் எந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பது என்று தெரியாமல் மூன்று ராத்திரி நாற்காலியிலேயே தூங்கினேன். நாங்கள் வேதக்காரர்கள், மாதா படத்துக்குக் கீழேதான் படுக்கிறோம். ஆனாலும் எங்கள் செஞ்சிப் பக்கத்தில் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரும் வடக்கே தலை வைக்கமாட்டார். நாலாம் நாள் எதிர்வீட்டு மதாம் கொலெத்திடம், மகள் சொல்லிக்கொடுத்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு தெற்கு எது என்று கேட்டேன். அந்தம்மாள் முகம் மலர்ந்து உள்ளே போய், கடற்கரைப் படம் போட்ட புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். விடுமுறைக்கு வெயில் காயப் போகிற இடத்தை விசாரிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். தலை வைக்கத்தான் கேட்டேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

என் பெண் ஸ்டெல்லா புதுச்சேரிக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். என் வீட்டுக்காரர் போன பிறகு என்னை அழைத்துக்கொண்டாள். ஊரை நினைத்து அழுகிறவள் இல்லை நான். இங்கே குழாயைத் திருப்பினால் வெந்நீர் வருகிறது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். இதைக்கூட மெதுவாகத்தான் எழுதுகிறேன். ஆனால் ஒரு சுவரைப் பார்த்தால் தூக்குக்குண்டு இல்லாமலே அது நேரா, கோணலா என்று சொல்லிவிடுவேன். இருபத்தைந்து வருஷம் சாந்துச்சட்டி சுமந்த சித்தாள்.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் வயதானவர்களுக்கென்று தரைத்தளத்தில் வீடுகள் கட்டப்போகிறார்கள். முட்டிவலிக்காரியான நானும் பேர் கொடுத்திருக்கிறேன். என் கடைசி நாள் அங்கேதான் கழியும் என்று எனக்குத் தெரியும். ஸ்டெல்லாவுக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லமாட்டாள். வரைபடம் போடுகிற பெண், சிவப்புக் கண்ணாடி போட்டவள், ஆர்ஷிடெக்ட் என்கிறார்கள், எங்களை எல்லாம் கார் நிறுத்துகிற இடத்துக்குக் கூப்பிட்டாள். தரையில் சாக்குக் கட்டியால் ஓர் அறையை நிஜ அளவுக்கே போட்டு வைத்திருந்தாள். இது கட்டில், இது அலமாரி, இது குளியலறை. எப்படி இருக்கிறது, சொல்லுங்கள் என்றாள். சுற்றி நின்ற கிழவர்களும் கிழவிகளும் "த்ரே பியான், த்ரே பியான்", ரொம்ப நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார்கள். நான் கைப்பையை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டு, அந்தச் சாக்குக்கட்டிக் கட்டிலுக்குள் மெல்லக் குந்தி, கால் நீட்டிப் படுத்துவிட்டேன்.

மதாம் கொலெத் போட்ட கூச்சலில் புறாக்கள் எல்லாம் பறந்துபோயின. யாரோ போனை எடுத்துப் பொம்பியேவைக் கூப்பிட்டுவிட்டார்கள். இந்த ஊரில் ஆள் சுருண்டு விழுந்தாலும் தீயணைப்புக்காரர்கள்தான் வருவார்கள். நான் நிம்மதியாக வானத்தைப் பார்த்தபடி கிடந்தேன். இப்படிக் கோட்டுக்குள் படுப்பது எனக்கு முதல் தடவை இல்லை.

அப்போது மதராஸ் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பேர் வரவில்லை. செஞ்சியிலிருந்து வல்லம் போகிற வழியில் எங்கள் ஊர். ஊருக்கு ஒரு பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி கட்ட உத்தரவாகியிருந்தது. கல்லும் ஆளும் ஊருடையது, ஓடும் மரமும் சர்க்காருடையது. என் வீட்டுக்காரர் கொத்தனார், நான் சித்தாள், வயிற்றில் ஆறு மாதம். அதற்கு முந்தின பிள்ளை எனக்குத் தக்கவில்லை. மூன்று நாள் வலி எடுத்தும், "ரோட்டு வழியா, ஆம்பளைங்க பாக்க, வண்டியில ஏத்திக்கினு போறதா?" என்று என் மாமியார் செஞ்சி ஆஸ்பத்திரிக்கு விடவில்லை. பிள்ளை வீட்டிலேயே பிறந்து வீட்டிலேயே போனது. ஆகவே இந்தக் கட்டடம் எழும்புவது எனக்கு வெறும் வேலை இல்லை. என் வயிற்றில் இருந்தது உயிரோடு கைக்கு வருமா என்பது அதில்தான் இருந்தது.

ஓவர்சியர் சைக்கிளில் வந்தார். நல்ல மனுஷர், சிறுவயதுக்காரர், கையில் வரைபடம் போட்ட நீலத்தாள். கயிறு பிடித்து, சுண்ணாம்புத் தூளால் தரையில் கோடு போட்டார்கள். நான் கோட்டைச் சுற்றிப் பார்த்தேன். ஒரே வாசல், அதுவும் பஸ் ரோட்டைப் பார்த்து, எதிரே டீக்கடை. உள்ளே இரண்டு கட்டில், இரண்டும் வடக்கே தலை. கூட வருகிறவளுக்குக் குந்த இடமில்லை, வெந்நீர் வைக்க அடுப்பில்லை. மேற்கே பெரிய பாறை. சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அது வாங்கி வைத்த வெயிலை எல்லாம் நம் பக்கம் கக்கும். அதைத் தடுத்துக்கொண்டு நின்ற புங்கமரம் சுவர்க்கோட்டில் வந்தது, வெட்டிவிடலாம் என்றார்கள். இப்படிக் கட்டினால் எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியும் வரமாட்டாள். என் மாமியாரும் என்னை அனுப்பமாட்டாள்.

அதையெல்லாம் ஓவர்சியரிடம் எடுத்துச் சொல்ல எனக்குப் பேச்சு வரவில்லை. சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கோட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டேன்.

"இன்னாடி, இப்பவே வலி வந்துடுச்சா?" என்று கூடவேலை செய்த அஞ்சலை ஓடிவந்தாள்.

என் வீட்டுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. "ஏய், எழுந்திரு. ஓவர்சியர் ஐயா நிக்கறாரு, மானத்த வாங்காத."

"நீ சும்மா இரு" என்றேன். "அஞ்சலை, இப்ப நீதான் மருத்துவச்சி. எங்க குந்துவ, குந்து பாக்கலாம்."

அஞ்சலைக்குச் சொல்லவா வேண்டும்! புடவையைச் செருகிக்கொண்டு என் காலடியில் குந்தினாள். அவள் முதுகு கோட்டைத் தாண்டிக்கொண்டு போனது. "ஐயா, என் பாதி ஒடம்பு செவுத்துக்கு வெளிய இருக்குது. மழை பெஞ்சா நனைஞ்சிடுவேன்" என்றாள். சித்தாள்கள் எல்லாரும் சிரித்தார்கள். இன்னொருத்தி என் அம்மாவாக வந்து தலைமாட்டில் நின்று, "எனக்கு எடமே இல்ல, நான் டீக்கடையிலதான் போய் குந்தணும்" என்றாள்.

அவள் சொன்னதும்தான் ஓவர்சியர் திரும்பிப் பார்த்தார். டீக்கடை பெஞ்சில் இருந்த அத்தனை ஆண்களும், டம்ளர் கையிலேயே நிற்க, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் முழுப்புடவை கட்டிக்கொண்டு பட்டப்பகலில் படுத்திருந்ததற்கே அப்படி. அவர் காது சிவந்துபோனது.

"வாசல் ரோட்டைப் பாத்துதான் இருக்கணும்னு மேல உத்தரவு" என்றார் மெதுவாக.

"அது இருக்கட்டும் ஐயா, அதுல நீங்க வாங்க. நாங்க வர்றதுக்கு ஏரிக்கரப் பக்கமா ஒண்ணு வைங்க."

"கேட்டா நான் என்னம்மா சொல்றது?"

"புள்ளத்தாச்சி படுத்துக்கினா, எழுப்ப முடியலன்னு சொல்லுங்க."

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே செருப்புக்காலால் சுண்ணாம்புக் கோட்டைத் தேய்த்தார். மேற்குச் சுவரைக் கிழக்கே தள்ளினார். புங்கமரம் வெளியே தப்பித்து நின்றது. குறைந்த இடத்துக்கு ஈடாகக் கிழக்கே தாழ்வாரம் இறக்கி, கூட வருகிறவர்கள் தங்கவும் சமைக்கவும் விட்டார். கட்டில்களைத் தெற்கே திருப்பினார். ஏரிக்கரை ஒற்றையடிப் பாதையைப் பார்த்து ஒரு சின்ன வாசல். அடுப்பு எங்கே என்று என்னையே கேட்டார். மரத்தடியில் என்று காட்டினேன். அது மட்டும் தப்பாகிப்போனது. ஆனி மாதக் காற்று புகையை எல்லாம் அறைக்குள் தள்ள, பிற்பாடு தாழ்வாரத்துக்கே மாற்றினோம். செய்த தப்பையும் சொல்லிவிட வேண்டும்.

கூரைக்கு ஓடு வேய்ந்த அடுத்த வாரம் அஞ்சலையின் நாத்தனாருக்கு அங்கே பிறந்தது. என் மாமியார் ஏரிக்கரை வழியாகப் போய், சின்ன வாசலை இரண்டு தரம் பார்த்துவிட்டு வந்து, என் பேறுகாலத்துக்கென்று பழைய புடவைகளைக் கிழித்து மடித்து வைத்தாள். அங்கே பிறந்த இரண்டாவது பிள்ளை ஸ்டெல்லா. அந்தச் சாயங்காலம் புங்க நிழல் கட்டில்மேல் கிடந்தது. தாழ்வாரத்தில் என் மாமியாரும் அம்மாவும், மிளகு ரசத்துக்குப் புளி வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் பெற்றேன்.

அந்த ஸ்டெல்லாதான் இப்போது கார் நிறுத்துகிற இடத்தில் என் பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள். பொம்பியே வாலிபன் ஒருவன் என் நாடியைப் பிடித்து, "ஸா வா, மதாம்?" என்று சுகம் கேட்டான். "இவன் கையி நல்லா சூடா இருக்குது, நல்ல புள்ள" என்றேன். "எனக்கு ஒண்ணும் ஆவலடி. கட்டில செவுத்தோட ஒட்டி வெச்சிருக்காங்க. நான் சாவறப்ப நீ எங்க குந்துவ? கேட்டுச் சொல்லு."

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்துச் சொன்னாள். சிவப்புக் கண்ணாடிப் பெண் தரையைப் பார்த்தாள். யாரும் எதிர்பார்க்காதபடி மதாம் கொலெத் உள்ளே போய் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து, என் தலைமாட்டில் போட்டு உட்கார்ந்தாள். நாற்காலியின் இரண்டு கால் கோட்டுக்கு வெளியே நின்றது. அவள் அதைக் கையால் தட்டிக் காட்டினாள். எனக்கு அஞ்சலை ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது.

ஆர்ஷிடெக்ட் பெண் ஈரத்துணியால் சாக்குக் கோட்டைத் துடைத்தாள். எந்தப் பக்கம் தலை வேண்டும் என்று அவளாகவே கேட்டாள். தெற்கே என்றேன். அவள் போனில் திசை பார்த்து, தானே கையை நீட்டிக் காட்டினாள். இத்தனை வருஷத்தில் இந்த ஊரில் எனக்குத் தெற்கைக் காட்டியவள் அவள்தான்.

புது வரைபடம் போன வாரம் வந்தது. சன்னலுக்கு வெளியே ஒரு மரம், கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி, கட்டிலில் கோட்டால் போட்ட ஓர் ஆள். அது நான்தான். தலை எங்கள் ஊர் வழக்கப்படி தெற்கே இருக்கிறது. காலையில் எழுந்து நான் கால் ஊன்றுவது இந்த ஊர் ரயில் பாதைப் பக்கம்.