மதராசு வேணுமா, திருவந்தரம் வேணுமா

மிஷன் கோயிலுக்குப் பின்னால் மரச்சீனிக் கிழங்கு பிடுங்கிய விளைநிலம் ஒன்று கிடந்தது. பையன்கள் சேர்ந்து கட்டிகளை உடைத்து, மண்ணை மிதித்துச் சமமாக்கி, அடுப்புச் சாம்பலால் கோடு போட்டார்கள். சாயங்காலமானால் சடுகுடு. பாறசாலைக்கும் அமரவிளைக்கும் இடையில், தமிழ் பேசும் வீட்டுப் பையனும் மலையாளம் பேசும் வீட்டுப் பையனும் ஒருவன் காலை ஒருவன் பிடித்து இழுத்துச் சிரித்த இடம், எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான்.

மற்ற இடங்களில், எங்கள் ஊர் மதராசோடு சேருமா, திருவனந்தபுரத்தோடு நிற்குமா, எல்லை எங்கே விழும் என்பதே பேச்சு. டீக்கடையில் இவர்களுக்கு ஒரு பெஞ்சு, அவர்களுக்கு ஒரு பெஞ்சு. வீட்டில் தமிழும் சந்தையில் மலையாளமுமாக வாழ்ந்த எங்களை, நீ எது என்று சொல்லிவிட்டுப் போ என்று நிறுத்திவைத்துக் கேட்டார்கள். தெற்கே தமிழ்க்காரர்கள் ஊர்வலத்தில் போலீஸ் சுட்ட செய்தி வந்த பிறகு, கேட்பதும் நின்றது. பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவள். கணவருக்குப் பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத்து வேலை. மகனும் நானும்தான் வீட்டில். அவன் விளையாடப் போகும்போதெல்லாம் எனக்குப் பயம்தான். ஆனாலும் போகச் சொன்னேன். அவனை வீட்டுக்குள் வைத்தால் அவனும் ஒரு பெஞ்சில்தான் போய் உட்காருவான் என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் கட்சி பிரிப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். எங்கள் பக்கத்தில் ஆட்டத்தில் அணி என்று யாரும் சொல்வதில்லை, கட்சிதான். சம பலமுள்ள இரண்டு பேர் தோளில் கைபோட்டுத் தள்ளிப் போவார்கள். ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு இரண்டு கட்சித் தலைவர்களுக்கும் முன்னால் வந்து, ரயில் வேணுமா கப்பல் வேணுமா என்று கேட்பார்கள். எவன் ரயில், எவன் கப்பல் என்று தலைவனுக்குத் தெரியாது. ஒன்றைச் சொல்வான், அந்தப் பெயர்க்காரன் அவன் கட்சி, மற்றவன் எதிர்க்கட்சி. இதில் வீடு பார்த்தோ மொழி பார்த்தோ ஆள் எடுக்க முடியாது.

அன்றைக்கு நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து வேலியோரம் நின்றிருந்தேன். என் மகனும் அடுத்த வீட்டுச் சேச்சியின் மகனும் ஜோடி. சேச்சி வீட்டில் எல்லோரும் மலையாளப் பக்கம், அவள் கணவர் அவர்களுடைய எல்லைக் கூட்டங்களுக்குப் போகிறவர். இரண்டு பயல்களும் மரத்தடியில் குசுகுசுவென்று பேசி, சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார்கள். என் மகன் சத்தமாகக் கேட்டான்.

“மதராசு வேணுமா, திருவந்தரம் வேணுமா?”

ரோட்டில் ஒரு ஜீப் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை. அதைக் கேட்டுக்கொண்டே ஏட்டும் போலீஸ்காரர்களும் இறங்கி வந்தார்கள்.

“எந்தாடா இவிடே?” என்றார் ஏட்டு.

“கட்சி பிரிக்கியோம் சார்” என்றான் ஒருவன், உள்ளதைச் சொல்கிற தைரியத்தில்.

“ஏது கக்ஷி?”

அவர் கேட்டது அரசியல் கட்சி. அவனுக்கு அது புரியவில்லை. “இன்னும் பிரிச்சு முடியல்ல சார்” என்றான். நான் வேலியைச் சுற்றி ஓடி வருவதற்குள் எல்லோரையும் ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள்.

சேச்சியும் நானும் ஸ்டேஷனுக்கு ஓடினோம். சில மாதங்களாக எங்களுக்குள் பேச்சு இல்லை. ஓடும்போது அவள் என் கையைப் பிடித்தாள், நானும் விடவில்லை. கோட்டுகால் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் அக்கா எங்களுக்கு முன்பே கூடையோடு அங்கே நின்றாள். சித்தி வீட்டில் தங்கி வேலை பழகும் அவள் மகனும் உள்ளே இருந்தான்.

ஏட்டு பையன்களை வரிசையில் நிறுத்தியிருந்தார். “மதராசு ஆர்?”

சேச்சியின் மகன் கையைத் தூக்கினான். ஏட்டுக்கு அவனையும் தெரியும், அவன் அப்பாவையும் தெரியும். அவர் முகம் மாறியது. என் மகன் பக்கம் திரும்பினார். “அப்போ நீ?”

“நான் திருவந்தரமாக்கும் சார்.”

ஒரு போலீஸ்காரர் சிரித்துவிட்டார். தன்னைக் கேலி செய்கிறான் என்று ஏட்டு நினைத்திருக்க வேண்டும். என் கண்முன்னே என் பிள்ளையின் கன்னத்தில் அடி விழுந்தது. அந்தச் சத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது கேட்கிறது, சாக்பீஸ் நின்றுவிடுகிறது.

நான் மலையாளத்தில் விளக்கப் பார்த்தேன். பாதியிலேயே தமிழும் மலையாளமுமாகக் குழம்பிவிட்டது. மீன்கார அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சேச்சியின் தோளில் கையைப் போட்டாள். சுவரோரம் கூட்டிப்போய்க் காதில் ஏதோ சொன்னாள். திரும்பி வந்து, சிரித்த போலீஸ்காரர் முன்னால் இரண்டு பேரும் நின்றார்கள்.

“சாளை வேணுமா, நெத்தோலி வேணுமா?”

“சாள” என்றார் அவர், தன்னை அறியாமல்.

“அப்பம் இந்தச் சேச்சி உங்க கட்சி. நான் ஏட்டுக்க கட்சி. இதுக்குத்தான் பிள்ளையள பிடிச்சியளா?”

அங்கிருந்தவர்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஏட்டு சிரிக்கவில்லை. பையன்களை விட்டார். ஆனால் எல்லைக் காரியம் தீரும்வரை அந்த விளையில் ஆள் சேர்ந்தால் பிள்ளை என்றும் பார்க்கமாட்டேன் என்று சொல்லித்தான் விட்டார்.

மறுநாள் மகனைப் பீர்மேட்டுக்கு அனுப்பிவிட நினைத்துத் துணிகளை எடுத்து வைத்தேன். அவன் வீங்கிய கன்னத்தோடு மூலையில் உட்கார்ந்திருந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் சேச்சியின் மகன் வந்து நின்றான். இவன் எழுந்து போகவில்லை. அவனும் கூப்பிடவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போனான்.

அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடித்ததற்கு அழுதேன், இதற்குக் கோபம் வந்தது. இத்தனை பெரியவர்கள் சேர்ந்து, கட்டிப்புரண்டு விளையாடிய இரண்டு பிள்ளைகளை ஒரு வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிறுத்திவிட்டோமே. எல்லைக் கோட்டை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளட்டும். என் வீட்டு வேலியில் போட விடமாட்டேன்.

துணிகளைத் திரும்பக் கொடியில் போட்டேன். “எழும்பு மக்கா. களிக்கப் போ.”

“ஏட்டு வருவாரு அம்மா.”

“வரட்டும். நானும் வாறேன்.”

சேச்சியைக் கூப்பிட்டேன். அவள் கணவர் உள்ளிருந்து ஏதோ சத்தம் போட்டார், அவள் காதில் வாங்காமல் மகனோடு வந்தாள். மீன்கார அக்கா காலிக் கூடையோடு வந்தாள். இன்னும் சில தாய்மார் வந்தார்கள், வராதவர்களும் உண்டு. சாம்பல் கோட்டுக்கு வெளியே வரிசையாக உட்கார்ந்தோம். பையன்கள் தயங்கித் தயங்கிக் கட்சி பிரித்தார்கள். ஆட்டம் சூடு பிடிக்கும்போது ஜீப் வந்தது.

“டீச்சரே, ஞான் பறஞ்ஞது மறந்நோ?” என்றார் ஏட்டு.

எழுந்து நின்றேன். “மறக்கல்ல சார். பிள்ளைகள் களிக்கும். நாங்க இங்கதான் இருப்போம். கொண்டுபோகணும்னா முதல்ல எங்களைக் கொண்டுபோங்க.”

“எனக்க கூடையும் ஏறும் கேட்டியளா” என்றாள் அக்கா. “மீன்வெள்ளம் சீட்டுல வழியும். பின்ன நம்மள சொல்லப்பிடாது.”

ஜீப் நகரவில்லை. பாடிக்கொண்டு எதிர்க்கட்சிக்குள் நுழைய வேண்டிய என் மகன் நடுக்கோட்டில் நின்று ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எலே, எங்கோட்டு பாக்குத?” என்றேன். “பாடிட்டுப் போ.”

அவன் மூச்சை இழுத்துக்கொண்டு கோட்டைத் தாண்டினான்.