பிடியரிசியில் மணல்

முவானி டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். பொறுமை அதைவிட நீளம். ஐஸ்வால் மலைச்சரிவில், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் மழலைப் பள்ளி நடத்துகிறவளுக்கு இரண்டும் வேண்டும்தானே. காலையில் ஜெபம், பாட்டு, எழுத்து. அது முடிந்ததும் வாசலில் மணல் விளையாட்டு. அந்த விளையாட்டுதான் பெற்றோர் கண்ணை உறுத்தியது. கீழ்த்தெருப் பள்ளிப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் நூறு வரை ஒப்பிக்கிறார்களாம். நம் பிள்ளைகள் மணலில் சோறு பொங்குகிறார்களாம். இன்னும் ஒரு புகார் வந்தால் விளையாட்டு நேரத்தையே எடுத்துவிடுவேன் என்று சபை மூப்பர் ராங்குமா சொல்லிவிட்டார். ஊருக்கே அவர் 'உபா'. சொன்னால் சொன்னதுதான்.

புகார் வராமல் இருக்குமா? எங்கள் வீடுகளில் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று எடுத்து வைத்தாக வேண்டும். பெண்கள் அதை வீடு வீடாக வாங்கிவந்து கீழ்த்தளத்துத் தகரப் பெட்டியில் கொட்டுவார்கள். அந்த வாரம் பெட்டியைத் திறந்தால் அரிசியோடு அரிசியாக மணல்!

உபா விறுவிறுவென்று இறங்கி வந்தார். முவானிக்குத் துலாங்கியை நினைத்துத்தான் கவலை. வகுப்பில் கல்லுப்பிள்ளையார் மாதிரி என்பார்களே, அப்படி வாயே திறக்காத அந்தப் பிள்ளை மணலைக் கண்டால்தான் நாலு வார்த்தை பேசுவாள். விளையாட்டு போனால் அந்த நாலு வார்த்தையும் போச்சு.

"யாரு மணல் போட்டது?" என்றார் உபா.

அத்தனை கைகளும் பெருமையாக உயர்ந்தன. டீச்சர் தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான்.

"நாங்க சோறு பொங்குனோம் தாத்தா," என்றாள் துலாங்கி. "மொதப் பிடி ஆண்டவருக்கு எடுத்து வைக்கணும்ல? எங்கம்மா மறக்கவே மாட்டாங்க."

உபா குனிந்து பெட்டிக்குள் பார்த்தார். கொடுக்கிற குணம் பிஞ்சிலேயே வரவேண்டும் என்று போன ஞாயிறுதான் மேடையில் நின்று முழங்கியிருந்தார், பாவம்.

"இது நீ சொல்லிக்குடுத்ததா, முவானி?"

"இல்ல உபா. நான் விளையாடத்தான் விட்டேன்."

விளையாட்டு நேரத்தைப் பற்றி மனிதர் அப்புறம் மூச்சே விடவில்லை. சல்லடை ஒன்றைக் கேட்டு வாங்கி, பிள்ளைகள் நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்து அரிசியைச் சலித்தார். மணலைத் தூக்கிக் கொட்டிவிடலாம் என்று பெண்கள் கை நீட்டினார்கள். அவர் கொடுக்கவில்லை.

"பிள்ளைங்க காணிக்கை," என்றார். ஒரு டப்பாவில் அதை அள்ளி, மேலே கொண்டுபோய்க் காணிக்கைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.