சிவப்புக் கரையா, கறுப்புக் கரையா

அப்பா படுக்கையில் விழுந்த பிறகு அவர் வாயில் ஒரே ஒரு சொல்தான் மிச்சம் இருந்தது. சரி. பசிக்கிறதா என்றால் சரி. பசிக்கவில்லையா என்றால் அதற்கும் சரி. பக்கவாதம் வலது கையையும் காலையும் இழுத்துக்கொண்டது போதாதென்று பேச்சையும் வாரிக்கொண்டு போயிருந்தது. சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் மாட்டிக்கொள்ளும் என்றார் மருத்துவர். நாங்கள் பேசுவது அவருக்குப் புரிகிறதா என்று கேட்டேன். கூட இருப்பவர்கள்தான் கவனித்துச் சொல்ல வேண்டும் என்றார். எங்களுக்கே தெரிந்தால் உங்களிடம் எதற்கு வருகிறோம் என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுப் போர்டிகோவில் அவருடைய மோட்டார் சைக்கிள் நின்றது. இங்கிலாந்தில் செய்த வண்டி. ஆவடி ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாற்றலாகிப் போன ஒரு ராணுவ அதிகாரியிடம் வாங்கியது. ஓய்வு பெற்றதும் அதை நட்டு நட்டாகக் கழற்றித் துரு எடுத்துத் திரும்பப் பூட்டினார். பெட்ரோல் டேங்கைச் சுரண்டி வெறும் தகரமாக்கி, பழைய நிறத்திலேயே பெயின்ட் அடித்துவைத்தார். டேங்கின் இரண்டு பக்கமும் வரவேண்டிய கம்பெனி எழுத்து மட்டும்தான் பாக்கி. அதற்குள் விழுந்துவிட்டார்.

அதையாவது நான் முடித்துவிடலாம் என்று இறங்கினேன். எழுத்து ஒட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்தேன், என் புத்தி அப்படி. கள்ளிக்குப்பத்தில் ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருப்பவரும் அப்படித்தான் நினைத்தார். என் போனில் படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா இம்மாம் ரோதனை? படத்த அனுப்பிட்டு ஒரு டீ குட்ச்சிகினு வா அண்ணாத்தே, வெட்டி ஒட்டி குட்த்துடறேன். சும்மா தகதகன்னு மின்னும்."

மின்னக் கூடாது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? அந்தக் காலத்து எழுத்து மின்னாது. தண்ணீரில் ஊறவைத்துக் காகிதத்திலிருந்து மெல்ல வழுக்கி இறக்கும் ரகம் அது, வெங்காயச் சருகின் கனம்தான் இருக்கும். அந்த டேங்கில் பிளாஸ்டிக் ஸ்டிக்கரை ஒட்டினால் பட்டு வேட்டியில் பனியன் லேபிளைத் தைத்த மாதிரி இருக்கும். யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

அந்த எழுத்தை இன்னும் அச்சடிக்கும் ஒரு பெரியவரை இங்கிலாந்தில் தேடிப் பிடித்து, வண்டியின் சேசிஸ் நம்பரை அனுப்பினேன். தங்க எழுத்துக்கு முதலில் சிவப்புக் கரை இருந்ததாம், பிறகு கறுப்புக் கரைக்கு மாறினார்களாம். எங்கள் வண்டி, கரை மாறிய அதே வருடத்தில் பிறந்து தொலைத்திருக்கிறது. அந்த வருடம் இரண்டும் வெளியே வந்தன, பழைய டேங்கைப் பார்த்தவர்கள் இருந்தால் கேளுங்கள் என்று எழுதியிருந்தார்.

எனக்கு நினைவு தெரிவதற்குள் பழைய எழுத்து தேய்ந்து அழிந்திருந்தது, அம்மாவுக்கும் கரை நினைவில்லை. பார்த்தவர் ஒருவர் இருந்தார், கூப்பிடு தூரத்தில். இரண்டு விதத்தையும் வரவழைத்தேன். அப்பாவின் சக்கர நாற்காலி முன்னால் தரையில் உட்கார்ந்து சிவப்பைக் காட்டினேன்.

"நம்ம வண்டியில இருந்தது இதாப்பா?"

"சரி."

கறுப்பைக் காட்டினேன். "இதா?"

"சரி."

தலைகீழாகப் பிடித்தேன். சரி. காகிதத்தைத் திருப்பி வெள்ளை முதுகைக் காட்டினேன். சரி. என்னைக் கிண்டல் செய்கிறாரோ என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டேன். முகத்தில் ஒன்றும் இல்லை. எழுந்து பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதன் பிறகு வண்டி எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. எந்தக் கரை வந்தால் எனக்கென்ன? அது அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அதை அவரிடமிருந்து வாங்கிவிட்டால் அப்பா உள்ளே இருக்கிறார். வாங்க முடியாவிட்டால் நாங்கள் குளிப்பாட்டிச் சோறூட்டிக்கொண்டிருப்பது யாருக்கு? இந்த நினைப்பு வந்ததும் எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக இரண்டு காகிதங்களையும் எடுத்துக்கொண்டு போய் உட்காருவேன். சரி, சரி என்பார்.

"ஏண்டா அவரைப் போட்டுப் பரீட்சை வைக்கிற? விட்டுடு," என்றாள் அம்மா. அதே அம்மா, நான் பார்க்கவில்லை என்று நினைத்து, உப்பே போடாத கஞ்சியை ஊட்டிவிட்டு "நல்லா இருக்காங்க?" என்று கேட்டதையும் பார்த்தேன். சரி என்றார். அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் போனாள்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், கேட்பதைக் கை கழுவிவிடுவது என்று முடிவுசெய்து சிவப்பை ஒட்டினேன். ஊறவைத்து, வழுக்கி இறக்கி, ஈரத் துணியால் குமிழிகளை ஒற்றி எடுத்தேன். நன்றாகக் காய்ந்த பிறகு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத பூச்சு ஒன்று அடிக்க வேண்டும், அதுவரை ஈரம் ஆகாது. பெயின்டர் பூஜை முடிந்துதான் வருவதாகச் சொல்லியிருந்தார். வண்டியைத் தொடாதே என்று அம்மாவிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

ஃபேக்டரிக் குவார்ட்டர்ஸில் குடித்தனம் பண்ணியவள் ஆயுத பூஜை அன்று எதையாவது விடுவாளா? அரிவாள்மனை, மிக்ஸி, சைக்கிள் பம்ப் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு வண்டிக்கு வந்தாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் தங்க எழுத்தின்மேல் சொதசொதவென்று மூன்று இடத்தில் சந்தனம்.

"எழுத்து மேலயாம்மா வைப்பாங்க?"

"பேர் மேல வைக்காம பின்ன எங்கடா வைப்பாங்க?"

தீபாராதனை அப்பா கண்ணில் படட்டும் என்று நாற்காலியை டேங்குக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள். நான் துணி எடுக்கத் திரும்பியபோது அப்பாவின் இடது கை நீண்டது. சந்தனத்தைத் துடைத்தார். ஊறிய எழுத்து ஓரத்தில் சுருண்டது. அதோடு விடவில்லை, சுருண்ட இடத்தில் நகத்தைக் கொடுத்து உரிக்க ஆரம்பித்தார்.

"அப்பா, விடுங்க. ஐயோ, விடுங்கப்பா." மணிக்கட்டைப் பிடித்தேன். உதறினார். அவ்வளவு பலம் அந்த உடம்பில் இருப்பது எனக்குத் தெரியாது. சிவப்புக் கரையோடு பாதி எழுத்து நகத்தில் வந்துவிட்டது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. நோயாளி என்றும் பாராமல் கத்த வாயெடுத்தேன்.

"இல்ல," என்றார்.

அம்மா தட்டோடு நின்றுவிட்டாள். "என்னங்க சொன்னீங்க?"

"இல்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. உள்ளே ஓடிப்போய்க் கறுப்புக் கரைக் காகிதத்தை எடுத்துவந்து டேங்கின்மேல் வைத்துப் பிடித்தேன். வாய்விட்டுக் கேட்கத் துணிவு வரவில்லை. அப்பா சந்தனம் அப்பிய விரலால் அந்தக் கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடவினார்.

"சரி," என்றார்.

இத்தனை மாதமாக எங்கள் உயிரை எடுத்த அதே சொல்தான். அம்மா தட்டைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் அவர் விரலைத் துடைத்துக்கொண்டே, "சரிங்க," என்றாள்.