ஹந்தானைச் சுடுகாட்டு ராஜா

பக்கத்து வீட்டில் கதவுகளுக்கு வார்னிஷ் அடிக்கிறார்கள். மகளுக்குக் கல்யாணமாம். காலையிலிருந்து அந்த வாசம் ஜன்னல் வழியாக வந்து என் பிளேன்டிக் கோப்பைக்குள்ளேயே இறங்கிவிட்டது. “என்னா நல்ல வாசம், நம்ம கதவுக்கும் ஒரு கை அடிச்சா என்னாங்க?” என்கிறாள் மனைவி. அவளுக்கு அது கல்யாண வீட்டு வாசம். எனக்குப் பிணப்பெட்டி வாசம். நல்லவேளை, இதை அந்த வீட்டுக்காரரிடம் சொல்லித் தொலைக்கவில்லை.

என்மேல் குற்றமில்லை. மீசை ஒழுங்காக முளைத்த வயதில் நான் போய்ச் சேர்ந்த முதல் வேலை, கண்டியில் ஒரு மலர்ச்சாலை. பெயரைக் கேட்டுவிட்டுப் பூக்கடை என்று நினைத்துவிடாதீர்கள். பெட்டி, வேன், குத்துவிளக்கு என்று சாவு வீட்டுக்கு வேண்டியதையெல்லாம் கொடுக்கும் கடைக்கு நம் நாட்டில் அப்படியொரு அழகான பெயர். நான் வேன் ஓட்டினேன். சாவு விழாத நாட்களில் பெட்டிகளுக்குத் தூசி தட்டினேன். பெண் பார்க்கப் போன இடங்களில் “போக்குவரத்து வேலை” என்று சொல்லிப் பார்த்தேன். ஊர் சின்னது, எடுபடவில்லை. கடைசியில் என்னைக் கட்டிக்கொண்டவள் வேனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தவள். அவள் இன்னும் அதற்காக வருத்தப்படுகிறாள்.

அந்தக் கடைக்குத்தான் ஒருநாள் மாரிமுத்து வந்தான். வாசலில் குனிந்து நுழைகிற உயரம், தோளில் விழுகிற முடி. பெட்டி வாங்க வருகிறவர்களுக்கு ஒரு முகம் இருக்கும். அழுது முடித்தோ, அழப்போகிறோமே என்ற பயத்திலோ இருக்கிற முகம். இவனிடம் அது இல்லை.

“அண்ணே, ஒரு பொட்டி வேணும்.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

நான் அவனை மேலும் கீழும் பார்த்தேன். அவன் அவசரமாகச் சொன்னான்: “சனிக்கிழம கொண்டுபோயி திங்கக்கிழம காலையில தந்துருவேண்ணே. ஒரு கீறல் விழாது.”

விசாரித்தால், ஆள் கார்னிவலில் ரெஸ்லிங் செய்கிறவன். கலகெதர, கம்பளை என்று ஊர் ஊராகப் போய்க் கூடாரம் போடுகிற ஒரு கூட்டம். டீவியில் வெள்ளைக்கார ரெஸ்லிங் பார்த்து நம் சனம் பைத்தியம் பிடித்துக் கிடந்த காலம் அது. மாரிமுத்து ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். மார்க்கெட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவனை, உடம்பைப் பார்த்துக் கார்னிவல் முதலாளி கூட்டிப்போயிருக்கிறார். ஒரு வருசம் வெறும் காற்சட்டையோடு அடிவாங்கியிருக்கிறான், யாரும் பெயர்கூடக் கேட்கவில்லை. பிறகு அவனாக ஒரு வேஷம் கண்டுபிடித்தான். சொஹொன் ராஜா. தமிழில் சொன்னால் சுடுகாட்டு ராஜா.

எங்கள் கடை முதலாளி சிரித்துவிட்டு, மூடி வெடித்து விற்காமல் மூலையில் கிடந்த ஒரு பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்த மூடிக்கு ஆணி அடித்துக் கொடுத்தவன் நான்தான். கலகெதரவுக்கு வேனில் கொண்டுபோய் இறக்கியவனும் நான்தான். அந்தச் சாக்கில் ஆட்டத்தையும் பார்த்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, அடேயப்பா! முதலில் விளக்குகளை அணைப்பார்கள். இருட்டில் சாவுக்கு அடிக்கிற தப்புச் சத்தம் கிளம்பும். அடிக்கிறவர் ராமையா, ஹந்தானையில் எந்த லயத்தில் சாவு விழுந்தாலும் தப்பு எடுத்துக்கொண்டு முன்னால் நடக்கிறவர். வாரநாளில் நிஜச் சாவு, சனிக்கிழமை மாரியின் சாவு. நான்கு பேர் பெட்டியைத் தூக்கிவந்து மேடையில் வைப்பார்கள். மூடி மெல்லத் திறக்கும். உள்ளேயிருந்து முகமெல்லாம் வெள்ளை பூசி, உதட்டில் கண்மை தடவி, யாரோ பழைய உடுப்புக்காரனிடம் வாங்கிய கோர்ட்டுக்குப் போகும் சட்டத்தரணிக் கறுப்புக் கோட்டோடு மாரி எழும்புவான். கோட்டுக் கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிடும். அதுவே பயமாக இருக்கும். ஆணி அடித்தவனே நான், நானே “ஐயோ” என்று கத்தினேன் என்றால் பாருங்கள்.

சண்டை எல்லாம் பேசி வைத்ததுதான். பாதியில் அவன் விழ வேண்டும், எதிராளி காலைத் தூக்கிக்கொண்டு கூத்தாட வேண்டும், ராமையா தப்பை மெதுவாக்க வேண்டும். நடுவர் சிங்களத்தில் எண்ணத் தொடங்குவார். கூட்டமும் சேர்ந்து எண்ணும். “எகாய், தெகாய், துனாய்...” பத்து வருவதற்குள் பிணம் எழும்பிவிடும். ஒருநாளும் எழும்பாமல் இருந்ததில்லை. அதற்குத்தான் சனம் வந்தது.

பேசி வைத்ததென்றாலும் விழுவது பலகையில்தான். மேலே ஒரு கயிற்றுப்பாய், அவ்வளவுதான். இரண்டு வருசத்தில் அவனுடைய வலது முழங்கால் பலாக்கொட்டை மாதிரி புடைத்துவிட்டது. பெட்டியைத் திருப்பித் தர வரும்போது கடைப் படியில் பக்கவாட்டாகத்தான் ஏறுவான். “விட்டுத் தொலையேண்டா” என்பேன். “மார்க்கெட்ல மூட்ட தூக்கையில என்ன தோட்டக்காட்டான்னு கூப்பிட்டவன், இப்ப ராஜான்னு சொல்லி வழி விடுறாண்ணே. அத எப்படி விடுறது?” என்பான்.

விடச் சொன்ன இன்னொரு ஆள் அவனுடைய அம்மா. புருசனை இளவயதில் பறிகொடுத்து, கொழுந்து பறித்து ஒற்றைப் பிள்ளையை வளர்த்தவர். ஒருமுறை நான் லயத்துக்குப் போயிருந்தபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“எம்புள்ளைக்கு பொட்டி குடுக்கிற புண்ணியவான் நீதானாய்யா?”

நான் அசடு வழிந்தேன். தேத்தண்ணி கொடுத்தார், சீனியும் போட்டார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. மாரியைப் பார்த்துத்தான் பேசினார். “உசுரோட பொட்டியில படுக்கிறவன் பெத்தவளுக்கு தோள் குடுக்கக்கூடாது. நான் செத்தா நீ என்னய தூக்காத. எங்கண்ணன் மகன் தூக்கட்டும்.”

“அம்மா, அது வேசம்மா.”

“வேசத்துக்கு நெசப் பொட்டி எதுக்குடா?”

மாரி தலையைக் குனிந்துகொண்டான். மேடையில் எட்டுத் திக்கும் நடுங்க நிற்கிறவன், அந்த ஒற்றை அறைக் காம்பராவில் குந்திக்கொண்டு நகத்தைக் கிள்ளிக்கொண்டிருந்தான். ஒரே பிள்ளை தாயைத் தூக்காவிட்டால் பிறகு அவன் என்ன பிள்ளை? லயத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அந்த ஒரு வார்த்தைதான் அவனை அரித்தது. பொங்கலோடு விடுகிறேன் என்பான், பொங்கல் போனால் தீபாவளி என்பான். அந்த அம்மாவும் பிடித்த பிடியை விடவில்லை.

பிறகு அவருக்கு நெஞ்சில் சளி கட்டிப் படுத்த படுக்கையானார். அந்த வாரமே மாரி முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு கடைக்கு வந்தான். எனக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, “விட்டுட்டேண்ணே” என்றான். “அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டேன். ‘சரிடா, நீயே தூக்கு’ன்னு சொல்லிருச்சு.” முகமெல்லாம் சிரிப்பு. தாயின் பிணத்தைத் தூக்க உத்தரவு கிடைத்ததற்கு ஒருவன் இப்படிச் சந்தோசப்படுவதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. கடையில் எத்தனையோ சாவைப் பார்த்தவன் நான்.

மழைக்காலத்தில் அந்த அம்மா போய்ச் சேர்ந்தார். நல்ல பெட்டியாகப் பார்த்து நானே கொண்டுபோனேன். லயத்து வாசலில் தோட்டத்துச் சனம் நின்றது. மேலே ரோட்டில் இன்னொரு கூட்டம், டவுனிலிருந்து முச்சக்கர வண்டிகளில் வந்தவர்கள். ராஜாவின் தாய் செத்துவிட்டாராம் என்று கேள்விப்பட்டு மரியாதைக்கு வந்த பொடியன்கள்தான், கெட்டவர்கள் இல்லை. கொஞ்சம் வேடிக்கையும் பார்க்கலாமே என்று வந்திருப்பார்கள். மாரி வெள்ளை வேட்டி கட்டி, வெற்றுடம்பில் துண்டோடு, தலைமாட்டில் வலது தோள் கொடுத்தான். ராமையா முன்னால் நடந்தார். சாவுக்குக் குடிக்கிறபடி குடித்திருந்தார்.

புதைக்கிற இடம் தேயிலைக்கு நடுவே, சரிவுக்கு அந்தப் பக்கம். வேன் போகாது. ஒற்றையடிப் பாதை, வழுக்கல். பாதித் தூரத்தில் மாரியின் முழங்கால் மடிந்தது. ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த விறகு முறிகிற மாதிரி. அவன் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் விழுந்தான். மற்றவர்கள் தாங்கியதால் பெட்டி சாயவில்லை.

ராமையா திரும்பிப் பார்த்தார். மாரி விழுந்து கிடப்பது அவர் கண்ணில் பட்டது. கை தானாகத் தப்பை மெதுவாக்கியது. எத்தனை சனிக்கிழமை பழகிய கை.

மேலே ரோட்டிலிருந்து ஒரு குரல், “எகாய்!”

இன்னும் நாலைந்து குரல், “தெகாய்!”

அப்புறம் ரோடு முழுக்க எண்ணியது. கேலிக்கில்லை, சத்தியமாகக் கேலிக்கில்லை. எண்ணினால் எழும்பிவிடுவான் என்ற நம்பிக்கையில் எண்ணினார்கள். “எழும்பு ராஜா!” என்று தமிழில் ஒருவன் கத்தினான். “வாய மூடுங்கடா நாய்களா!” என்று நான் கத்தியது எனக்கே கேட்கவில்லை. மாரி இரண்டு கையையும் மண்ணில் ஊன்றி உடம்பைத் தூக்கிப் பார்த்தான். இடுப்புவரை வந்தான். திரும்பவும் விழுந்தான். பத்து எண்ணி முடித்தபிறகுதான் ரோட்டில் சத்தம் நின்றது. அவர்களுக்கும் அப்போதுதான் விளங்கியிருக்க வேண்டும்.

வீட்டைவிட்டுக் கிளம்பின பெட்டி வழியில் நிற்கக்கூடாது. “தூக்குங்கடா, நிக்காதீங்க” என்றார் தாய்மாமன். அவருடைய மகன் வந்து மாரியின் இடத்தில் தோள் கொடுத்தான். அந்த அம்மா முதலில் சொன்னபடியே ஆகிவிட்டது.

“நில்லுங்க மாமா, நானும் வர்றேன்... நில்லுங்க...”

யாரும் நிற்கவில்லை.

அவனை ஆஸ்பத்திரிக்கு என் வேனில்தான் கொண்டுபோனேன். மடக்க முடியாத காலோடு எப்படி உட்கார வைப்பது? பெட்டி வைக்கிற தட்டில் கிடத்தினேன். இரண்டு பக்கமும் பெரிய கண்ணாடி, உள்ளே இருப்பவரை ஊர் பார்க்க வேண்டும் என்று வைத்த கண்ணாடி. கண்டி டவுனுக்குள் நெரிசலில் நின்றபோது, பஸ்ஸிலிருந்து யாரோ கண்டுபிடித்து “சொஹொன் ராஜா!” என்று கை காட்டினான். “மூடுங்கண்ணே” என்றான் மாரி. மூட அதில் திரை கிடையாது. துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டான்.

கருமாதியை மாமன்தான் செய்தார். மாரி அதற்குக்கூட வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே கொழும்புக்குப் போய்விட்டான் என்றார்கள். ஏதோ மாடிக்கட்டடத்தில் வாசல் காவலாம். உட்காரக் கதிரை கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஆறுதல்பட்டேன். கார்னிவல் கலைந்தது, அந்தக் கூடாரம் போட்ட இடத்தில் இப்போது வாகனம் நிறுத்துகிறார்கள். ராமையா செத்தபோது தப்படிக்க ஆளில்லாமல் ஸ்பீக்கர் கட்டினார்கள். மாமனும் போய்விட்டார். அவருடைய மகன் டுபாயில்.

போன வருசம் மாரி வந்தான். கையில் தடி, தலை நரைத்துவிட்டது. “அம்மாவ வச்ச எடத்த நான் பாக்கவே இல்லண்ணே. ஒங்களுக்குத் தெரியுமா?” என்றான். எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு அவனோடு ஆஸ்பத்திரியில் இருந்தவன் நான். ஆனாலும் போய்ப் பார்ப்போம் என்று இரண்டு கிழடுகளும் ஹந்தானை ஏறினோம். இடையில் ஒரு பெருமழையில் அந்தச் சரிவே இறங்கிப் போயிருக்கிறது. மேடும் இல்லை, நட்ட கல்லும் இல்லை, தேயிலையும் இல்லை. புல் முளைத்த ஒரு வெட்டுத்தான் கிடந்தது. லயத்தில் இருந்தவர்கள் புதியவர்கள். அவர்களுக்கு அங்கே ஒரு மயானம் இருந்ததே தெரியாது.

மாரி தடியை ஊன்றிக் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளினான். அன்றைக்குக் குழியில் பிள்ளை போட வேண்டிய மண்.

“எந்தப் பக்கம்ணே போடட்டும்?”

நான் எதைக் காட்டுவது? அவன் அந்த வெட்டை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான். பிறகு திரும்பி நடந்தான். கீழே பஸ் வந்தபோது கம்பியைப் பிடிக்க அவனுக்கு ஒரு கை வேண்டியிருந்தது. தடியை என்னிடம் தந்தான். மண் இருந்த கையைத் திறக்கவில்லை.