கொடியைப் பார்த்துச் சொன்ன காற்று

மானிய விண்ணப்பத்தின் ஆறாவது பக்கத்தில் இருந்த ஒரு கேள்வியில் மார்வா டோஸ்டாலின் பேனா நின்றுவிட்டது. இந்த வானிலைக் கருவியைப் பற்றி இதுவரை எத்தனை புகார்கள் பதிவாகியிருக்கின்றன?

ஒன்றுகூட இல்லை.

நெப்ராஸ்காவில் வெஸ்னா என்ற சிற்றூரின் நகராட்சி விமான நிலையத்தை மார்வா பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொள்கிறாள். புல் வெட்டுவது, பனி தள்ளுவது, வானொலியில் விமானிகளுக்குப் பதில் சொல்வது எல்லாம் அவள்தான். ஏழு வருடம் முன்பு நகரசபையின் பின்னால் நடையாய் நடந்து புதிய விமானக் கொட்டகைகளைக் கட்டவைத்ததும் அவள்தான். கட்டிய பிறகுதான் தெரிந்தது, அவை வானிலைக் கருவிக்குத் தெற்குக் காற்றை மறைக்கின்றன என்று. காற்று மணிக்கு இருபது கடல்மைல் வேகத்தில் அடித்தால் கருவி பத்து என்று சொல்லும்.

உள்ளூர் விமானிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. தானியக் கோபுரத்தின் உச்சியில் பறக்கும் கொடியைப் பார்த்து, மனதுக்குள் பத்தைக் கூட்டிக்கொண்டு இறங்குவார்கள். வெளியூர்க்காரர் வந்தால் மார்வா ஜன்னல் வழியே கொடியைப் பார்த்துச் சொல்லிவிடுவாள். ஆனால் போன மார்ச்சில், அவள் வெளியே பனி தள்ளிக்கொண்டிருந்தபோது, நோயாளியை ஏற்ற வந்த ஆம்புலன்ஸ் விமானம் கருவியை நம்பி இறங்கி, ஓடுபாதையைவிட்டு விலகிப் பனிக்குவியலில் போய் நின்றது. யாருக்கும் அடியில்லை. விமானி தன் தவறு என்றே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து அவள் ஜன்னலைவிட்டு நகரவே பயப்பட்டாள்.

கருவியை மேற்கே வைக்கோல் வயலுக்கு மாற்ற மாநிலத்தின் மானியம் வேண்டும். மானியத்துக்குப் புகார் வேண்டும். பயிருக்கு மருந்தடிக்கும் விமானி எல்டன் ஹவெல்காவிடம் போய் ஒரு புகார் எழுதித் தரச் சொன்னாள்.

"புகாரா? என் பொண்டாட்டி சமையலப் பத்தியே நாப்பது வருஷமா நான் வாயத் திறந்ததில்ல."

"வாயத் திறக்க வேணாம் எல்டன். எழுதிக் குடு போதும்."

"பத்தக் கூட்டினா சரியாப் போச்சு. இதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?"

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். கல்மழை மொத்தச் சோளத்தையும் அடித்துப் போட்டால்கூட, இதைவிட மோசமாக இருந்திருக்கலாம் என்று காபி குடிக்கப் போகிற ஊர் அது.

கடைசியில் புகாரை மார்வாவே எழுதினாள். ஏழு வருடமாகக் கருவி தவறாகச் சொல்வது எனக்குத் தெரியும், கொடியைப் பார்த்துச் சமாளித்துவந்தேன், மார்ச்சில் நடந்தது அந்த விமானியின் தவறல்ல என்று. அதைப் படித்த நகராட்சி எழுத்தர் ஜோலின் கையில் எடுத்த முத்திரையைத் திரும்ப மேசைமேல் வைத்துவிட்டாள்.

"மார்வாக்கா, இத அனுப்பினா மொதல்ல போறது உங்க வேலைதான்."

"தெரியும். சீல் போடு."

அக்டோபரில் மாநில அலுவலகத்தில் விசாரணை நடந்தது. அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார். ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார்.

"அது நான் கட்டச் சொன்ன கொட்டகை சார்" என்றாள்.

மானியம் கிடைத்தது. ஆனால் தரை உறையத் தொடங்கிவிட்டதால் கருவியை ஏப்ரலில்தான் பெயர்க்க முடியும். அவளை வேலையில் வைத்திருப்பதா என்பதை நகரசபை ஜனவரியில் பேசும். அதுவரை வெஸ்னா கருவியின் தெற்குக் காற்றை நம்ப வேண்டாம், கொடியைப் பார்த்து வானொலியில் சொல்வார்கள் என்று எல்லா விமானிகளுக்கும் அறிவிப்பு போனது.

நவம்பரில் ஒரு மத்தியானம் தெற்குக் காற்று ஜன்னலை உலுக்கியது. ஆம்புலன்ஸ் விமானம் வந்துகொண்டிருந்தது. வானொலி கரகரத்தது. மார்ச்சில் வந்த அதே விமானியின் குரல்.

"வெஸ்னா, உங்க மெஷின் பன்னெண்டுங்குது. கொடி என்ன சொல்லுது?"

மார்வா எழுந்து ஜன்னலுக்குப் போனாள். கொடி தகடுபோல விறைத்து நின்றது.

"இருபத்தி நாலு" என்றாள்.

சக்கரங்கள் தரையைத் தொட்டு, விமானம் நேராக ஓடி நிற்கும்வரை அவள் உட்காரவில்லை.