கூரையில் விட்டுவந்த சக்கரங்கள்

ரயில்வே பட்டறையில் ஆள்குறைப்பு வந்தபோது என்னையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மலாயாவில் வேலை போன தமிழர்களைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பிக்கொண்டிருந்த காலம் அது. மனைவி மூட்டை கட்டிவிட்டாள். நான் வீம்புக்காரன். பூச்சோங் பக்கம் மூடிப்போன ஈயச் சுரங்கத்தில் இரும்பு கடையும் பழைய லேத் ஒன்றை வாங்கி, கிள்ளானில் ஒரு கொட்டகையில் இறக்கினேன். அடுத்த கப்பல் கிளம்புவதற்குள் அது ஓடாவிட்டால் அவளும் மகளும் கிளம்புவதாகப் பேச்சு.

எண்ணெய் எஞ்சினிலிருந்து நேராக லேத்துக்கு பெல்ட்டை மாட்டினேன். பேய் பிடித்ததுபோல் சுற்றி, உளியின் முனை கருகியது. எஞ்சினில் சின்னச் சக்கரம் போட்டால் பெல்ட் வழுக்கியது. ஒரு வாரமாக இதே கூத்து. ஓட்டை இரும்பைத் தலையில் கட்டிவிட்டான் என்று அதை விற்ற சுரங்கத்துச் சீன மேஸ்திரியைத் திட்டித் தீர்த்தேன்.

சோறு கொண்டுவந்த மனைவி, "பட்டறையில இதை எப்படி நிறுத்துவீங்க?" என்றாள்.

"தலைக்கு மேல ஒரு கம்பு தொங்கும். தள்ளினா பெல்ட் பக்கத்துச் சக்கரத்துக்குப் போயிரும்."

"அந்தச் சக்கரம் எங்க?"

கொட்டகைக் கூரையை அண்ணாந்து பார்த்தேன். பதினாறு வருடம் அந்தக் கம்பைத் தள்ளியவன், ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. மேலே இருந்ததெல்லாம் வேறு ஆட்களின் வேலை. கூரையில் தொங்குவது கட்டடத்தைச் சேர்ந்தது என்றே நினைத்திருந்தேன். லேத்தை வாங்கிய அன்று, சுரங்கத்தில் அந்த மேஸ்திரி உத்தரத்தில் தொங்கிய தண்டையும் சக்கரங்களையும் காட்டி, கழற்றிக்கொள் என்று மலாயில் சொன்னான். உன் கொட்டகைச் சாமான் எனக்கெதற்கு என்று நான்தான் மறுத்தேன். எஞ்சினின் வேகத்தைக் குறைத்து லேத்துக்குக் கொடுப்பதே அதுதான். நுணலும் தன் வாயால் கெடும்.

"அதைக் குடுக்காம ஏமாத்திட்டான்" என்றேன் அவளிடம்.

"அப்ப இப்பவே போய்க் கேளுங்க."

அவள் எதிரில் பதறி ஓட மனம் வரவில்லை. "நாளைக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டேன்.

மறுநாள் போனபோது சுரங்கத்தில் கொட்டகை இருந்த இடத்தில் தூண் குழிகள்தான் இருந்தன. முந்தின நாள் சாயங்காலம் பழைய இரும்பு வியாபாரி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிப் போயிருந்தான். "உனக்குத்தான் முதலில் கொடுத்தேனே" என்றான் மேஸ்திரி. கேலி செய்யாமல் சொன்னதுதான் அதிகம் சுட்டது.

கப்பல் கிளம்பும் நாளில், துறைமுகத்தில்தான், அவன் கொடுத்ததை வேண்டாம் என்றது நான்தான் என்ற உண்மையை அவளிடம் சொன்னேன். அழுகையும் வந்துவிட்டது.

"அன்னைக்கே உங்க மூஞ்சியில தெரிஞ்சுது" என்றாள். "அப்பவே நீங்களா வாயத் தொறந்து சொல்லியிருந்தா, நான் இருந்திருப்பேன்."

மகளை என் தோளிலிருந்து வாங்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள்.