அறியாமைக்காகப் பேசியது

எங்கள் ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கென்று ஒரு விவாதம் வைத்தார்கள். மனிதன் இன்பமாக வாழ்வது அறிவினாலா, அறியாமையினாலா என்பது தலைப்பு. சீட்டு எடுத்தபோது எனக்கு அறியாமை விழுந்தது. பதினொரு வயது, வகுப்பில் முதலாம் பிள்ளை, அறியாமையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் எந்தப் பக்கம் கிடைத்தாலும் வெல்வேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

மூன்று உதாரணங்கள் வேண்டும் என்று தீர்மானித்தேன். கோயில் வேள்வியில் வெட்டக் கொண்டுபோகும் கிடாய் தன் கழுத்து மாலையைத் தின்றுகொண்டே நடக்கிறது: அது ஒன்று. குண்டு போட வரும் பொம்மர் விமானத்தின் இரைச்சலுக்குக் கைகொட்டிச் சிரிக்கும் பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை: அது இரண்டு. மூன்றாவது எங்கள் வீட்டிலேயே இருந்தது.

பெரியப்பா காலமான பிறகு பெரியம்மா எங்களோடுதான் இருந்தார். அவருடைய ஒரே மகன், நாங்கள் அண்ணை என்று கூப்பிடுபவர், ஜெர்மனிக்குப் போய் அங்கே ஒரு வெள்ளைக்காரியைக் கலியாணம் செய்துவிட்டார். மாமா கொழும்புக்குப் போனபோது தொலைபேசியில் இதை அறிந்துவந்து அம்மாவிடம் சொன்னார். பெரியம்மாவின் காதில் மட்டும் விழக்கூடாது என்று வீடு முழுவதற்கும் கட்டளை. அவரோ மகனுக்குப் பெண் பொருத்தம் பார்க்கக் கிழமை தவறாமல் சாதகக் கட்டோடு சாத்திரியாரிடம் போனார். "உந்தப் பெட்டைக்கு ஏழாம் இடத்திலை செவ்வாய், சரிவராது" என்று சிரித்துக்கொண்டே திரும்பி வருவார். அவரைப் போலச் சந்தோஷமான மனிசியை ஊரில் நான் கண்டதில்லை. இதைவிட நல்ல சான்று எந்தப் புத்தகத்தில் கிடைக்கும்?

பெரியம்மா விழாக்களுக்கு வருவதில்லை. முதல் நாளே கேட்டு அதை உறுதிப்படுத்தியிருந்தேன். ஆனால் நான் மேடையில் கைக்குழந்தை உதாரணத்தில் நின்றபோது அம்மாவோடு வந்து முன்வரிசை வாங்கில் இருந்துவிட்டார். விட்டுவிடலாமா என்று யோசித்தேன். மூன்றாவது இல்லாமல் பேச்சு நொண்டும். பெயரைச் சொல்லாவிட்டால் சரி என்று முடிவெடுத்தேன்.

"எங்கள் ஊரில் ஒரு தாய் இருக்கிறார். வெளிநாட்டில் மகன் வெள்ளைக்காரியைக் கட்டிவிட்டான். தாய் இங்கே இன்னும் பெண் தேடுகிறார். அறியவில்லை, ஆகவே சிரிக்கிறார்!"

சபை முதலில் சிரித்தது. பிறகு முன்வாங்கைப் பார்த்து அடங்கியது. வெளிநாட்டு மகனுக்குச் சாதகத்தோடு அலைந்த தாய் எங்கள் ஊரில் ஒருவர்தான் என்பதை நான் யோசிக்கவில்லை. அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். பெரியம்மா கை தட்டினார். முதற் பரிசு எனக்கு. யுத்தத் தடையால் குளிக்கிற சவர்க்காரம்கூடக் கடைக்கு வராத காலம். ஒரு கட்டி தந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பூவரசந் தடியொன்றை முறித்தார். "உன்ரை வாய்க்கு இண்டைக்கு இருக்கு!"

பெரியம்மா குறுக்கே வந்து நின்றார். "பெட்டையை விடு. எனக்குப் போன தையிலேயே தெரியும்."

அம்மாவின் கை அப்படியே நின்றது. "ஆர் அக்கா சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. உறைப்புக் குறைச்சு மீன்குழம்பு வைக்கிறது எப்பிடியெண்டு எழுதிக் கேட்டவன். என்ரை பிள்ளை எப்ப உறைப்புக் குறைச்சுத் திண்டவன்?"

அடி தப்பிவிட்டது என்று தெரிந்ததும் எனக்குக் கேள்வி வந்தது. "பின்னை ஏன் பெரியம்மா சாதகம் பார்த்தனீங்கள்?"

"பார்க்காமல் விட்டால் எனக்குத் தெரியுமெண்டு சனம் கண்டுபிடிச்சிடும். கண்டுபிடிச்சால் நான் கோவிக்கவேணும், அவனுக்குக் கடிதம் எழுதுறதை நிப்பாட்டவேணும். ஒரு பெட்டையும் பொருந்தாமல் இருக்கும் மட்டும் எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை." என் காதைப் பிடித்தார், திருகவில்லை. "நீயெல்லோ மேடையிலை ஏறி எல்லாத்தையும் அவிட்டுவிட்டுட்டாய்."

அடுத்த நாள் பெரியப்பாவின் சகோதரர்கள் வந்தார்கள். "இதுக்குப் பிறகும் உவனை மகனெண்டு வைச்சிருக்கப் போறீங்களோ?" என்று கேட்டார்கள். பெரியம்மா நெஞ்சில் அடித்து அழுதார். தனக்கு மகனே இல்லை, இனி அவனுக்கு ஒரு வரியும் எழுதமாட்டேன் என்று படலைக்கு வெளியே கேட்கும்படி சொன்னார். பல மாதமாகத் தெரிந்த ஒன்றுக்கு யாராவது இப்படி அழுவார்களா? முதல் நாள் சொன்னது என்னை அடியிலிருந்து காப்பாற்றச் சொன்ன பொய் என்று தீர்ப்பளித்தேன். அறிந்தார், அழுதார். என் கட்சி இரண்டாம் முறையும் வென்றது.

அந்தக் கிழமையே பெரியம்மா என்னைக் கூப்பிட்டு ஒரு கொப்பித் தாளை நீட்டினார். "அண்ணைக்குக் கடிதம் எழுது. உன்ரை பேரிலை எழுது. நான் எழுதமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

"என்ன எழுதுறது?"

"சுகமோ எண்டு கேள். குளிருக்கு என்ன போடுறவர் எண்டு கேள்." படலைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். "மனிசியின்ரை பேர் என்னெண்டும் கேள். நீ கேக்கிற மாதிரிக் கேள்."

மாதத்துக்கு ஒன்று, அவர் சொல்லச் சொல்ல, எழுத்துப் பிழையில்லாமல் எழுதினேன். மறுமொழி வந்தால் நான்தான் உரத்து வாசிக்கவேண்டும். கடிதத்தில் சில பந்திகளை இரண்டு தரம். விளையாட்டு நேரம் போகிறதே என்பது மட்டும்தான் என் கவலை. மேடையில் வாயாடியதற்குப் பெரியம்மா தந்த தண்டனை என்றே அதை நினைத்திருந்தேன். செய்த குற்றத்துக்கு அது கொஞ்சம் நீளம் என்றும்.